நீக்கப்பட்டார்: டிங்கோ சிங்கின் வாழ்க்கையும் ஒரு செயப்பாட்டு வினையும்

மட்டாஞ்சேரியில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் கல்லூரி மாணவர் சிலர் தங்கியுள்ளனர். சென்ற மாதம் ஒரு மாலையில் அவர்களிடம் டிங்கோ சிங்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஆரு, டிங்கனோ?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்துவிட்டனர். டிங்கன் என்பது எண்பதுகளில் ‘பாலமங்களம்’ என்னும் மலையாளச் சிறுவர் இதழில் பிறந்த எலி நாயகன். கேரளத்தில் ஒரு தலைமுறைக்கே அறிமுகமான பெயர். அச்சிறு பிழையில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும், 1998இல் இந்தியாவுக்காக ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற ஒருவரின் பெயர், அவ்வெற்றிக்குப் பின் பிறந்தவர்களுக்கு ஒரு படக்கதைப் பாத்திரத்தை மட்டுமே நினைவூட்டுகிறது என்பது என்னை விடவில்லை. இந்தப் பதிவு அதன் விளைவு. சற்றே நீளமானது, பொறுத்தருள்க.

1

பேச்சு குத்துச்சண்டைக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் குத்துச்சண்டை மேடையை ‘இடிக்கூடு’ என்பர். இடி என்றால் அங்கே குத்து. நமக்கு இடி வானத்தில் முழங்குவது. உரலில் இடிப்பதும் சுவரை இடிப்பதும் உண்டு. ஒருவர் மற்றவரைக் கைமுட்டியால் தாக்குவதற்கு நாம் ‘குத்து’ என்றே சொல்கிறோம். ஒரே வேர்ச்சொல் இரு மொழிகளிலும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்த உரையாடல் நிகழ்ந்தது.

வடசென்னையின் குத்துச்சண்டை மரபைத் தமிழ் வாசகர்க்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளின் பெயர்கள் 2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் திரைப்படத்திற்குப் பின் பொதுப்பேச்சில் நிலைத்துவிட்டன. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் மோதியதும், அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அதில் கலந்துகொண்டதும் இன்றும் பேசப்படுகின்றன. அந்த நகரத்திலிருந்து வந்த வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்றார்; 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். எனினும், அமெச்சூர் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்வில் நிறுவனங்கள் எங்கெங்கே கதவைத் திறந்தன, எங்கெங்கே மூடின என்பதை அறிய விரும்புவோர்க்கு டிங்கோவின் வாழ்க்கையைப் போல் தெளிவான சான்று வேறில்லை என்பது என் கருத்து.

2

ங்காங்கோம் டிங்கோ சிங் 1979 ஜனவரி 1 அன்று மணிப்பூரின் இம்பாலுக்குக் கிழக்கே உள்ள செக்தா என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் மிக வறியது. அவர் வளர்ந்தது ஓர் அநாதை இல்லத்தில். அக்காலத்து மணிப்பூரைச் சற்றே நினைவுகூர வேண்டும். ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டம் 1980இல் மாநிலம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. டிங்கோவின் குழந்தைப்பருவம் முழுவதும் ஊரடங்கும் சோதனைச்சாவடியும் அன்றாட வாழ்வாக இருந்த காலம். அதே மண்ணில் முக்னா என்னும் மல்லும், தாங்-தா என்னும் வாள்-வேல் கலையும், நவீன போலோவின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படும் சகோல் கங்ஜெயும் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தன. உடலைப் பயிற்றுவிப்பது அங்கே புதிதன்று. புதிதாக வந்தது, அப்பயிற்சியை அரசுச் சான்றிதழாகவும் வேலையாகவும் மாற்றித்தரும் அமைப்பு.

அந்த அமைப்பு இந்திய விளையாட்டு ஆணையம். 1984இல் தொடங்கப்பட்ட அவ்வாணையம், நகரங்களுக்கு அப்பாலுள்ள பகுதிகளில் சிறுவயதிலேயே திறமையாளரைக் கண்டறிய ‘சிறப்புப் பகுதி விளையாட்டுகள்’ என்றொரு திட்டத்தை நடத்தியது. அதன் பயிற்றுநர் கண்ணில் டிங்கோ பட்டார். மேஜர் ஓ.பி. பாட்டியாவின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றார். 1989இல் அம்பாலாவில் நடந்த தேசிய சப்-ஜூனியர் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது பத்து. இம்பாலிலிருந்து ஹரியானாவின் அம்பாலா வரை ஒரு பத்து வயதுச் சிறுவன் போய்ச் சேர்ந்த தொலைவை நிலப்படத்தில் ஒருமுறை பாருங்கள். அவ்வயதில் மொழி தெரியாத ஊரில், உணவும் பழகாத முகாமில் இருந்துகொண்டு வென்றதை அக்கால ஆவணங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

3

டிங்கோ பின்னர் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். இங்கே ‘அமெச்சூர்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது.

பிரெஞ்சு வழி வந்த அச்சொல்லின் பொருள் ‘விரும்பிச் செய்பவர்’. பிழைப்புக்காகவன்றி விருப்பத்தினால் ஆடுபவர் என்பது இலட்சியம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த இலட்சியம் ஒரு வேலியாகவே பயன்பட்டது. படகோட்டப் போட்டிகளில் கைத்தொழிலாளரும் கூலியாட்களும் ‘அமெச்சூர்’ ஆக முடியாது என்று விதியே எழுதிவைத்திருந்தனர். குவீன்ஸ்பெரி விதிகள் 1867இல் வந்தன. இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1880இல் தோன்றியது. கையுறையும் சுற்றுக் கணக்கும் அவற்றால் வந்தவை. பணத்துக்காக அடித்துக்கொள்பவன் ஒருவகை, கௌரவத்துக்காக மோதுபவர் இன்னொரு வகை என்ற பிரிவினையும் அதே காலத்தில் இறுகியது.

இந்தியாவுக்கு வந்தபோது அச்சொல்லின் சமூகப்பொருள் தலைகீழாகிவிட்டது. இங்கே அமெச்சூர் குத்துச்சண்டைக்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். இராணுவம், கடற்படை, ரயில்வே, காவல்துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவர்களை அழைத்துவந்தது. வேலை, மாதச் சம்பளம், உணவு, தங்குமிடம், பயிற்றுநர் ஆகிய ஐந்தும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே. முதல் ஆசியத் தங்கத்தை 1962இல் ஜகார்த்தாவில் வென்ற பதம் பகதூர் மல், 1966, 1970 ஆகிய இரு முறையும் பாங்காக்கில் வென்ற ஹவா சிங், 1982இல் டெல்லியில் வென்ற கவுர் சிங் ஆகிய மூவரும் இராணுவத்தினர். ஆகவே இந்தியாவில் அமெச்சூர் என்பவர், பெயரளவில் தொழில்முறை வீரர் அல்லர். வாழ்க்கையளவில் ஓர் அரசு ஊழியர். அணியில் இடம் என்பது அவருக்குப் பதக்க வாய்ப்பு மட்டுமன்று. பதவி உயர்வு, வீடு, ஊரில் மரியாதை அனைத்தும் அதைச் சார்ந்தவை.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு தெரியும். தென்னகக் கடற்படைத் தலைமையகம் அப்பக்கந்தான். டிங்கோவைப் போல் எங்கோ மலைநாட்டில் பிறந்து, கடலையே காணாமல் வளர்ந்து, குத்துச்சண்டையால் கடற்படைச் சீருடை அணிந்தவர்களை எண்ணாமல் அத்துறையைக் கடக்க இப்போது என்னால் இயலவில்லை.

4

1997இல் டிங்கோ பன்னாட்டுக் களத்தில் இறங்கினார். பாங்காக்கில் நடந்த கிங்ஸ் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் 51 கிலோ பிரிவிலிருந்து 54 கிலோவுக்கு மாறியிருந்தார். மூன்று கிலோ என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்க்குச் சிறிய எண். களத்தில், எதிராளியின் உயரம், கையின் நீளம், குத்தின் கனம் அனைத்தும் மாறிவிடும்.

அணி அறிவிக்கப்பட்டது, டிங்கோவின் பெயர் அதில் இருந்தது. பின்னர், கடைசி நேரத்தில், அவர் நீக்கப்பட்டார். காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. மனமுடைந்த டிங்கோ மணிக்கணக்கில் குடித்து மயங்கி விழுந்தார் என்றும், இறுதியில் மீண்டும் அணியில் சேர்க்கப்பட்டார் என்றும் அவரைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் கூறுகின்றன.

இக்கட்டுரையின் மையம் இந்த மூன்று வாக்கியங்களே. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அவற்றின் இலக்கணத்தை மட்டும் பாருங்கள் என்று கேட்கிறேன். ‘நீக்கப்பட்டார்’: செயப்பாட்டு வினை. ‘சேர்க்கப்பட்டார்’: செயப்பாட்டு வினை. இரண்டிலும் செய்தவர் இல்லை. நடுவே ‘குடித்தார்’, ‘விழுந்தார்’: இவ்விரண்டிலும் எழுவாய் முழு உருவோடு நிற்கிறது. அதாவது, ஓர் இளைஞனின் பல ஆண்டு உழைப்பை ஒரு கையெழுத்தால் இல்லாமல் ஆக்கிய செயலுக்கு ஆள் இல்லை. அதனால் விளைந்த துயரத்தில் அவன் செய்ததற்கு மட்டும் ஆள் உண்டு. வாசிப்பவர் மனத்தில் எஞ்சுவது தேர்வுக் குழுவின் தவறா, வீரரின் குடியா? குடிதான். டிங்கோவைப் பற்றிப் பேசுவோர் ‘முரட்டுக் குணம் உடையவர்’, ‘கட்டுக்கடங்காதவர்’ என்று தொடங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சித்திரத்தை வரைவதில் இவ்வாக்கிய அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

செயலுக்கு உள்ளானதையே எழுவாய்போல் நிறுத்திப் பேசும் வழக்கைத் தொல்காப்பியமே அறிந்திருந்தது. எனினும் ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை நம் அன்றாடப் பேச்சில் அருகியே வரும். ‘என் பேனா திருடப்பட்டது’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை; ‘எவனோ பேனாவைத் திருடிட்டான்’ என்றே சொல்வோம். ஆள் தெரியாவிட்டாலும் ‘எவனோ’ என்று ஓர் ஆளை வைத்துக்கொள்கிறோம். அலுவலக ஆணைகளும் செய்தித்தாள்களும் செயப்பாட்டு வினையைப் பெருக்கின. நிறுவனங்களுக்கு அது வசதியானது. முடிவு இருக்கும், முடிவெடுத்தவர் இருக்கமாட்டார்.

5

பாங்காக்கில் நடந்தது சுருக்கமாகச் சொல்லத்தக்கது. அரையிறுதியில் டிங்கோ எதிர்கொண்டது தாய்லாந்தின் சொந்தயா வோங்பிரேட்சை. உலகத் தரவரிசையில் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தவர். ஆடுவதோ சொந்த மண், சொந்த மக்கள் முன்னிலையில். டிங்கோ வென்றார்.

அக்காலப் புள்ளிமுறையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்சுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்குப் பின், நடுவர் ஐவர் முன் பொத்தான்கள் வைக்கப்பட்டன. ஒரு குத்து விழுந்ததும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் மூவரேனும் பொத்தானை அழுத்தினால்தான் அது புள்ளி. எனவே ஐயத்திற்கு இடமின்றித் தெரியும் குத்துகளே கணக்கில் ஏறும். உள்ளூர் வீரருக்கு அரங்கமே ஆரவாரிக்கும் இடத்தில், வெளிநாட்டவர் ஒருவர் அம்முறையில் வெல்வதற்குத் தம் ஒவ்வொரு குத்தையும் மறுக்கமுடியாதபடி இறக்க வேண்டியிருந்தது. அரங்கின் ஒருபுறத்தில் பொறுப்பை மறைக்கும் குழுவும், மறுபுறத்தில் பொறுப்பை நொடிக்கணக்கில் பதிவு செய்யும் இயந்திரமும் இருந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் திமூர் துல்யாகோவ், நான்காம் சுற்றுக்குப் பின் தொடர இயலாமல் விலகினார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியா வென்ற மொத்தத் தங்கங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று, அணியில் இருக்கவே வேண்டாம் என்று ஒருகாலத்தில் முடிவுசெய்யப்பட்டவருடையது. அவருக்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டிற்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார், பதக்கம் கிட்டவில்லை.

மணிப்பூரில் அத்தங்கம் செய்ததைப் பட்டியலிட்டு முடியாது. சுராசந்த்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த மேரி கோம், தடகளத்தை விட்டுக் குத்துச்சண்டைக்கு வந்ததற்கு டிங்கோவின் வெற்றியே தூண்டுதல் என்று பின்னாளில் வெளிப்படையாகக் கூறியவர். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்த 2012ஆம் ஆண்டிலேயே அவர் வெண்கலம் வென்றார். சரிதா தேவி, சுரஞ்ஜோய் சிங், தேவேந்திரோ சிங் என்று அம்மாநிலத்திலிருந்து வந்த வரிசை நீண்டது.

6

பிந்தைய ஆண்டுகளில் டிங்கோ இம்பாலில் பயிற்றுநராகப் பணியாற்றினார். 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் கல்லீரல் புற்றுநோய் தாக்கியது. சிகிச்சைச் செலவுக்காகத் தம் வீட்டை விற்கும் நிலை வந்தது. 2020இல் ஊரடங்கின்போது கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக விமான ஆம்புலன்சில் டெல்லிக்கும், பின்னர் சாலைவழியாக ஆம்புலன்சில் இம்பாலுக்கும் பயணம் செய்தார். திரும்பியதும் கொரோனா தொற்று உறுதியானது, அதிலிருந்து மீண்டார். 2021 ஜூன் 10 அன்று காலமானபோது வயது 42.

கேரளத்திலிருந்தே இன்னொரு சான்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கண்ணூரைச் சேர்ந்த கே.சி. லேகா 2006இல் டெல்லியில் நடந்த மகளிர் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அதே போட்டியில் மேரி கோமும் தங்கம் வென்றார். லேகாவுக்குத் தியான்சந்த் விருது வந்தது 2021இல். பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவருடைய பெயரையும் என் வீட்டுக் கீழ்த்தள மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. ‘விருது வழங்கப்படவில்லை’ என்று எழுதினால் இங்கும் அதே வினைவடிவம் வந்து நிற்கும்.

‘தடைகளைத் தாண்டி எழுந்தார்’ என்னும் கதைவடிவம் நமக்குப் பழகியது, ஊக்கமளிப்பது. ஆனால் அவ்வடிவத்தில் தடை என்பது மலைபோல், மழைபோல் இயற்கையாக நிற்பதாகிவிடுகிறது. வறுமையை அவ்வாறு எண்ணுவதே தவறு. அணியிலிருந்து பெயரை அடிப்பதை அவ்வாறு எண்ணுவது அதனினும் தவறு. தாண்டியவர் புகழப்படுகிறார், தடையை வைத்தவர் மறக்கப்படுகிறார், அதே தடையில் நின்றுபோனவர்கள் வரலாற்றில் இடம்பெறுவதே இல்லை. டிங்கோ மீண்டும் சேர்க்கப்பட்டதால்தான் அவர் நீக்கப்பட்டதே நமக்குத் தெரியவந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மட்டாஞ்சேரிக்கு இது புதிய பாடமன்று. இங்குள்ள துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை என்றொன்று இருந்தது. வேலை தேடிக் கூடியிருக்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசியெறிவார். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கு அன்றைய வேலை, எடுக்காதவருக்குப் பட்டினி. அம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பரில் துப்பாக்கிச்சூடு நடந்து தொழிலாளர் உயிரிழந்தனர். அங்கே வில்லையை எறிந்த கை கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே எதிர்த்துப் போராட ஓர் இலக்கும் இருந்தது. தேர்வுப் பட்டியலை எழுதும் கை தெரிவதில்லை.

என் களப்பணி, ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தருகே உள்ள வண்ணார் சமூகத்தாரின் தமிழைப் பற்றியது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து ‘கொண்டுவரப்பட்டவர்கள்’ என்று அவர்களைப் பற்றி எழுதுவது வழக்கம். நானும் அவ்வாறே என் முதல் அத்தியாய வரைவில் எழுதியிருந்தேன். இந்தப் பதிவை எழுதத் தொடங்கிய பின் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டேன். ‘டச்சுக்காரர் கொண்டுவந்தனர்’ என்பதில் ஒரு சொல்தான் மாறுகிறது; ஆனால் எந்த அதிகாரி, எந்த ஆணை, என்ன கூலி என்று அடுத்த கேள்விகள் உடனே எழுந்துவிட்டன.

ஆய்வு மாணவர்களாகிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு வரலாறு எழுதுவோர் பதக்கப் பட்டியலிலிருந்து தொடங்காமல், தேர்வுக் குழுக் குறிப்புகளிலிருந்தும், தேர்வாகாமற் போனவர்களின் வாய்மொழியிலிருந்தும் தொடங்கிப் பார்க்கலாம். வடசென்னைக் குத்துச்சண்டைக் கூடங்களில் அத்தகைய முதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். அவர்கள் போன பின் வருந்திப் பயனில்லை.

அன்று மாலை டிங்கோவின் கதையை முழுவதும் கேட்டபின், முதலில் ‘டிங்கனோ’ என்று கேட்ட மாணவர் அதைத் தம் நண்பருக்குத் தம் மொழியில் சுருக்கிச் சொன்னார்: "டிங்கோயெ ஒழிவாக்கி." மலையாள வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை, ஆகவே ஒழிவாக்கியது ஒருவரா பலரா என்று அதிலிருந்து தெரியாது. தமிழில் அதையே சொல்ல வேண்டுமானால் ‘நீக்கினார்’ அல்லது ‘நீக்கினர்’ என்று விகுதி தந்தே ஆகவேண்டும். ஆளில்லாமல் முடிக்க ‘படு’வை நாம் வலிந்து அழைக்க வேண்டியுள்ளது. கேட்டுக்கொண்டிருந்த நண்பர் சற்று நேரம் கழித்து, "ஆரு ஒழிவாக்கி?" என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.